ஆரூரிலிருந்து அலைகடல் வரை

திருவாரூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் நாகப்பட்டினமும் கடலும் உள்ளன. காவிரியின் கிளையாறுகள், வடிகால்கள், இருப்புப் பாதை, தஞ்சை–நாகை நெடுஞ்சாலை ஆகிய யாவும் ஒன்றையொன்று அதிகம் விலகாமல் அத்திசை நோக்கியே செல்கின்றன. மேடு என்பதையே அறியாத நிலம் இது. மிதிவண்டியில் செல்பவருக்கு எதிர்க்காற்றைத் தவிர வேறு தடை கிடையாது. கடலை இவ்வளவு அண்மையில் வைத்துக்கொண்டும், விடுமுறை நாளில் அதனைக் காண வேண்டுமெனில் வாடகைக் கார் அமர்த்தியே தீர வேண்டும் என்னும் எண்ணம் அண்மைக் காலத்தில் நம் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. காலையில் காரில் ஏறுகின்றோம், வேளாங்கண்ணியில் இறங்குகின்றோம், மாலையில் திரும்புகின்றோம். இடையில் இருந்த ஊர்கள் எவை, நாம் விட்டுவந்த குப்பை என்னவாயிற்று என்பன நம் நினைவில் எழுவதேயில்லை. கடலோர நகரம் ஒன்றிற்கு அதனைக் கெடுக்காமல் சென்று வருவது எப்படி என்பதைப் பற்றிச் சில செய்திகளை இம்மாத இதழில் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் இருப்புப் பாதை. சென்னையில் முதல் ரயில் ஓடியது 1856இல். அதற்குச் சில ஆண்டுகளுக்குள்ளாகவே, 1861–62இல், நாகையிலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளி வரை கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரயில்வே என்னும் கம்பெனி பாதை அமைத்துவிட்டது. டெல்டாவின் நெல்லையும் பிற சரக்கையும் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். பின்னர் அதே பாதை மனிதரையும் துறைமுகத்திற்குக் கொண்டுசென்றது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்ற எத்தனையோ தஞ்சை மாவட்டக் குடும்பங்கள் இவ்வழியாக வந்துதான் நாகையில் கப்பலேறின. 1970-களின் தொடக்கம் வரை ஓடிய ‘ராஜூலா’ என்னும் கப்பலின் பெயரை இன்றும் நம் முதியோர் சிலர் உறவினர் பெயரைச் சொல்வதுபோல் சொல்லக் கேட்கலாம். நாகையிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் நீளப் பாதை 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆகவே திருவாரூர்க் குடும்பம் ஒன்று தன் ஊர் நிலையத்தில் ஏறி, திருத்தலத்தின் அருகிலேயே இறங்க இயலும். ரயில் நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் முதல்நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்வது நன்று.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருவாரூரிலிருந்து வேளாங்கண்ணி சென்று திரும்ப ஏறத்தாழ 70 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் செல்வோமாயின் ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பெட்ரோல் எரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படும். ஆக, ஒரு குடும்பத்தின் ஒருநாள் பயணத்திற்கு 11 கிலோ அளவில் அந்த வாயுவைக் காற்றில் விட்டு வருகின்றோம். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பழகிய இல்லத்தரசிக்கு இந்த எடையின் அளவு நன்கு விளங்கும். ரயிலோ, பேருந்தோ நாம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடத்தான் போகின்றது. நோயாளியையும் நடக்க இயலாத முதியோரையும் அழைத்துச் செல்வோர் கார் அமர்த்துவதை யாரும் குறை சொல்ல மாட்டார். ஆனால் திடகாத்திரமான நான்கு பேர் உள்ள வீட்டிற்கு அந்த நியாயம் பொருந்துமா?

ரயிலின் சன்னலோரத்தில் அமர்ந்து செல்வதில் மற்றோர் ஆதாயமும் உண்டு. அடியக்கமங்கலம், கீழ்வேளூர், சிக்கல் என ஊர்கள் வந்து போகும். ஆவணியில் சென்றால் சம்பா நாற்றங்காலின் இளம்பச்சை. தை மாதத்தில் அறுவடையும் வைக்கோற் போரும். உழவு வயலில் உழுபவர் பின்னாலேயே நடந்துவரும் கொக்குகள். கிழக்கே செல்லச் செல்ல வயல்களின் நிறம் மாறும்; தென்னையும் சவுக்கும் கூடும்; காற்றில் உப்பு வாடை கலக்கும். ஆறு முடியும் இடத்திற்கு வந்துவிட்டோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடசாலை எங்கே கிடைக்கும்?

நாகை நகரைச் சுற்றிப் பார்க்கக் கால்களே போதும். வெயில் ஏறுமுன் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு நடந்துவிடலாம். சோழர் காலத் துறைமுகம் இது. முதலாம் இராசராசன் ஆட்சியில், கடல் கடந்த ஸ்ரீவிசய அரசன் இங்கே சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாய் அளிக்கப்பட்ட செய்தியைக் கூறும் செப்பேடுகள் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் வைக்கப்பட்டிருந்ததால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. கடலில் வருவோர்க்கு அடையாளமாக நின்ற புதுவெளிக் கோபுரம் என்னும் பழைய செங்கற் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டிலும் இங்கே நின்றது. அதனை 1867இல் அரசின் அனுமதி பெற்று இடித்தவர்கள் நம் சேசு சபைத் துறவியரே. கல்லூரிக்கு இடம் வேண்டியிருந்தது. அக்கல்லூரியும் 1883இல் திருச்சிராப்பள்ளிக்குப் போய்விட்டது. தூய வளனார் கல்லூரி என்று நாம் அறிவது அதுவே. கோபுரந்தான் திரும்பி வரவில்லை. ஓர் ஊருக்கு வந்தவர்கள் அவ்வூரின் பழம்பொருளைத் தம் வசதிக்காக அழிப்பது பெட்ரோலும் பிளாஸ்டிக்கும் வருமுன்னரே தொடங்கிய வழக்கம் என்பதற்காக இதனைக் குறிப்பிடுகின்றேன். அங்கே கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் பலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்தில் காணலாம்.

கடுவையாற்றின் முகத்துவாரத்தில் துறைமுகம். ஆற்றுக்கு அக்கரையில் இருப்பதால் அக்கரைப்பேட்டை, அதனையடுத்துக் கீச்சாங்குப்பம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலை இவ்விரு ஊர்களையும் சூறையாடியதை நாம் மறக்க இயலாது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு வேளாங்கண்ணி வந்திருந்த திருப்பயணிகள் பலரும் அவர்களுள் அடங்குவர். அக்கரைப்பேட்டைக்குச் செல்வோர் அதனை வேடிக்கை பார்க்கும் இடமாகக் கருதாதிருப்பார்களாக. அது பிழைப்பு நடக்கும் இடம். படகு வந்து மீன் இறங்கும்போது வழியில் நிற்காமல் ஒதுங்கி நின்று பார்க்கலாம். மீன் வாங்கினால் வீட்டிலிருந்து கொண்டுபோன தூக்குப் பாத்திரத்தில் வாங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது சென்றால் விசைப்படகுகள் கரையில் ஓய்வதையும் வலை பின்னுவதையும் காணலாம்.

அங்கே வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த மூத்த மீனவர் ஒருவரிடம் கடந்த ஆண்டு பேசிக்கொண்டிருந்தேன். மழைக்காலம் எப்படி என்று கேட்டேன்.

“ஐப்பசி கார்த்திகையில ஆத்துத் தண்ணி கடல்ல விழும் பாருங்க சாமி, அப்ப கரையோரமா வலை போட்டா மீனோட மீனா பையும் பாட்டிலுமா ஏறும். அதைப் பொறுக்கி எடுக்கவே அரை நாள் போயிடும். நீங்க எந்த ஊரு சாமி?”

“திருவாரூர் பக்கம்.”

“அப்ப அதுல உங்க ஊரு பையும் இருக்கும்” என்றார், சிரித்துக்கொண்டே.

அவர் சொன்னது வேடிக்கைக்காக மட்டுமன்று. திருவாரூர் நகரினூடே ஓடும் ஆற்றுக்கு ஓடம்போக்கி என்று பெயர். ஓடம் போன ஆறு என்னும் பொருள் பெயரிலேயே இருக்கின்றது. இன்று அதில் ஓடத்திற்குப் பதிலாக எவை மிதந்து போகின்றன என்பதைப் பாலத்தின்மேல் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் தெரியும். டெல்டாவின் நீரமைப்பு அத்தகையது. வயலுக்கு நீர் தரும் வாய்க்காலின் மிச்சமே வடிகால். வடிகால் ஆற்றில் சேரும். ஆறு கடலில் முடியும். நாகூர் அருகே வெட்டாறு, நாகையில் கடுவையாறு, வேளாங்கண்ணிக்குத் தெற்கே வெள்ளையாறு எனக் கடற்கரையில் எங்கு நின்றாலும் ஒரு முகத்துவாரம் அருகிலேயே இருக்கின்றது. நாம் கோடையில் நம் தெரு வாய்க்காலில் எறிந்தது, முதல் பெருமழையில் நமக்கு முன்னதாகவே நாகைக்குப் பயணப்பட்டுவிடுகின்றது. தை மாதம் தொடங்கி முட்டையிடக் கரைக்கு வரும் பங்குனி ஆமைகள், நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பையைச் சொறி மீன் என்று எண்ணி விழுங்குகின்றன. ஆமைக்குச் சொறி மீன் இயற்கையான உணவு; பை குடலை அடைத்துவிடும்.

கடற்கரையை மனிதன் கெடுத்ததற்கும் பின்னர் மனிதனே செப்பனிட்டதற்கும் ஒரே இடத்தில் சான்று காண விரும்புவோர், வேறொரு நாள் திருவாரூரிலிருந்து காரைக்குடி செல்லும் ரயிலில் ஏறி முத்துப்பேட்டையில் இறங்கலாம். நம் மாவட்டத்திலேயே உள்ள அலையாத்திக் காடு அங்கே இருக்கின்றது. வெள்ளையர் காலந்தொட்டு இக்காட்டைப் பகுதி பகுதியாக ஒட்ட வெட்டியதால் தரை அமிழ்ந்து பள்ளமாயிற்று. அலை ஏறும்போது புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றி அங்கேயே வற்றி, மண்ணில் உப்பு ஏறி, விதை முளைக்காத பொட்டலாயிற்று. வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் 1990-களில் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, நீர் வந்து போக வழி செய்தபின்னரே கன்றுகள் பிழைத்தன. ஆழிப்பேரலையின்போது கடலூர் மாவட்டத்தில் இத்தகைய மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைந்த சேதமே அடைந்தன என்று ஆய்வாளர் எழுதினர். சாம்புவானோடைத் துறையிலிருந்து வனத்துறையின் அனுமதியோடு படகில் செல்லலாம். பறவைகளைக் காண வேண்டுமெனில் வாடைக்காலம் ஏற்றது. பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே விட்டுச் செல்வது அதனினும் ஏற்றது.

இனி வேளாங்கண்ணி. ஆகஸ்டு 29இல் கொடியேறி, அன்னையின் பிறந்த நாளான செப்டம்பர் 8 வரை நடைபெறும் பெருவிழாவிற்குத் திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து காவி உடுத்து நடந்துவரும் மக்களால் நம் நெடுஞ்சாலை நிறைந்துவிடுகின்றது. கடற்கரை ஊருக்குச் செல்ல இதனினும் தூய்மையான பயணமுறை ஏதுமில்லை. புகையில்லை, ஓசையில்லை. மேலும், திருத்தல மரபே நடையை ஒட்டியதுதான். அன்னைக்குப் பால் அளித்த சிறுவன் நாகையிலிருந்த தன் எசமானருக்குப் பால் கொண்டு நடந்து போனவன். மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் அன்னையின் ஆணைப்படி நாகைக்குச் செய்தி சொல்ல எழுந்தபோதுதான் தனக்கு நடக்க வந்ததை உணர்ந்தான். மூன்றாம் மரபில் வரும் போர்த்துக்கீசியர் பாய்மரக் கப்பலில் வந்தவர்கள். 1962இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் இக்கோவிலைப் பேராலயத் தகுதிக்கு உயர்த்தியபோது, அந்த மணற்பாதை எத்தனையோ தலைமுறையின் காலடிகளைக் கண்டிருந்தது.

ஆயினும் நடந்து சென்றவர்களின் பின்னால் அதே சாலையில் மறுநாள் சென்று பாருங்கள். காகிதத் தட்டு, தேநீர்க் குவளை, தண்ணீர் பாட்டில், பிஸ்கட் உறை ஆகியவை இரு மருங்கிலும் வாய்க்கால் வரை சிதறிக் கிடக்கும். நடந்தவர்கள் மட்டும் இதற்குப் பொறுப்பல்லர். நாம் அன்போடு கொடுத்தவையே அவை. தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டு, தண்ணீர்ப் பாக்கெட் உள்ளிட்ட 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தையும் தொடங்கியது. பாக்கெட் தடைப்பட்டதும் தர்மவான்கள் சிலர் சிறு பாட்டிலுக்கு மாறிவிட்டனர். பாக்கெட்டைவிடப் பாட்டிலுக்குப் பிளாஸ்டிக் அதிகம் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

ஆண்டுதோறும் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் பெரியவர் ஒருவரிடம் இதுபற்றிப் பேசினேன். பல ஆண்டுகளாகத் தம் செலவில் செய்துவருபவர். அவர் மனம் நோகக்கூடாது.

“சாமி, பானையில வைச்சா இப்ப யாரு குடிக்கிறா? பச்சைக் குழந்தைக்காரி பாட்டில்தான் கேக்குறா. நாளைக்கு யாருக்காவது வயித்தால போனா என் பேருதானே கெட்டுப்போகும்?”

அவர் அச்சம் பொய்யன்று. வாந்திபேதியைக் கண்ட தலைமுறை அவருடையது. காய்ச்சி ஆறிய நீரை மூடியும் குழாயும் உள்ள எவர்சில்வர் டிரம்மில் நிரப்புவது, நடப்பவர்கள் தாமே கொண்டுவரும் பாட்டிலில் பிடித்துக்கொள்வது, கொண்டுவராதவர்க்கு டம்ளர் கொடுத்து அதனைக் கழுவ இரண்டு இளைஞரை நிறுத்துவது என்று பேசி முடித்தோம். கைக்குழந்தையோடு வருவோர்க்கு மட்டும் பாட்டில் தருவேன் என்பதில் அவர் உறுதியாக நின்றார், நான் மறுக்கவில்லை. வெறும் பாட்டிலைத் திரும்பப் பெற ஒரு சாக்கு கட்டிவைத்தார். சாப்பாட்டிற்கு வாழை இலை. காவிரி நாட்டில் அதற்கா பஞ்சம்? இலையை மாடு தின்னும். பூச்சுக் காகிதத் தட்டைத் தின்றால் மாடு செத்துப்போகும்.

திருத்தலத்தை அடைந்தபின் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, உடை. கடலில் நீராடியபின் அணிந்துவந்த உடையை அலையிலேயே விட்டுச் செல்வோர் சிலர் உள்ளனர். பருத்தி வேட்டி மட்கிப் போகும். இன்று மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர்த் துணி மட்காது. அது மீனவர் வலையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். கடலுக்கு உடையைக் கொடு என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை. துவைத்து எடுத்துவந்தால் அடுத்த ஆண்டிற்கு ஆயிற்று. வேண்டுதலுக்காகத் தென்னங்கன்றைத் தோளில் சுமந்து வருவோரைக் காண்கையில் மனம் நிறைகின்றது. காணிக்கைகளுள் வேர்விட்டு வளர்வது அதுவன்றோ!

மற்றொன்று, நன்னீர். கடலோர மணலில் மழைநீர் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கின்றது. நிலநூலார் கணக்கின்படி, அந்த நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழிருக்கும் உப்புநீர் 40 அடி அளவுக்கு மேலேறி வரக்கூடும். விழாக்காலத்தில் இலட்சக்கணக்கானோர் குளிக்கக் குழாயைத் திறக்கும்போது உறிஞ்சப்படுவது அவ்வடுக்கே. நாம் பத்து நாளில் போய்விடுவோம். அக்கிணற்று நீரை ஆண்டு முழுவதும் குடிப்பவர்கள் அவ்வூர்த் தாய்மார். விடுதியில் வாளியில் பிடித்துக் குளித்தால் தூவற்குழாயின் கீழ் நிற்பதைக் காட்டிலும் பாதிக்கும் குறைவான நீரே செலவாகும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பதையும் பொது வாகனத்தில் செல்வதையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டுள்ளார். உலகம் முழுவதற்கும் எழுதும் மடலில் பேருந்துக்கும் பைக்கும் இடமிருந்தது எனக்கு வியப்பாகவே இருந்தது.

திரும்பி வருகையில் மாலை ரயிலைப் பிடிப்பதாயின் அரைமணி நேரம் முன்னதாகவே நிலையம் செல்லுங்கள். விழா நாட்களில் கூட்டம் மிகுதி. மஞ்சப்பை இரண்டு எடுத்துச் செல்வது என் பரிந்துரை. ஒன்றில் மெழுகுதிரி, செபமாலை, உறவினர்க்கு வாங்கிய பேரீச்சம்பழம். மற்றொன்றில் அன்றைய குப்பை. வேளாங்கண்ணியின் குப்பைத்தொட்டி விழாக்காலத்தில் நண்பகலுக்குள் நிரம்பி வழிகின்றது. நம் வீட்டுத் தொட்டியில் இடமிருக்கும். அந்தப் பையைப் பிள்ளைகளில் மூத்தவனிடம் கொடுங்கள். சிக்கல் தாண்டுமுன் அவன் தூங்கிவிடுவான். திருவாரூரில் இறங்கும்போது பையை நினைவூட்டி எடுத்து வரச் சொல்வது தாயின் வேலை.